அதே ஐந்நூறு டாலர்

டி.வி. வாங்கக் கடைக்குப் போயிருக்கிறீர்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள். ஒன்று இந்த வருஷத்து மாடல். இன்னொன்று போன வருஷத்தில் உச்சாணியில் இருந்து, இப்போது விலை இறங்கி வந்து நிற்கிறது. இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ‘எது சார் நல்லது?’ என்று கேட்டால் விற்பனையாளர் கொஞ்சமும் யோசிக்காமல், ‘புதுசை எடுத்துக்கோங்க சார், லேட்டஸ்ட்!’ என்கிறார். கூட வந்த மைத்துனரோ, ‘பழசு அந்தக் கம்பெனியோட டாப் மாடல், அத விடாதீங்க’ என்று காதைக் கடிக்கிறார். மனைவி, ‘இன்னும் ஆறு மாசம் பொறுத்தா ரெண்டுமே இன்னும் குறையும்’ என்கிறார்.

மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் கஷ்டமே!

இந்தக் குழப்பம் உங்களோடு ஆரம்பித்ததில்லை. டி.வி. பெட்டியின் வயசுதான் இதற்கும். வேண்டுமானால் பையில் ஐந்நூறு டாலரோடு 1950-களின் அமெரிக்காவுக்கு ஒரு நடை போய் வரலாம். அதற்கு முன்னால் ஒரு சின்னக் கதை கேட்க வேண்டும்.

1939, ஏப்ரல். நியூயார்க்கில் உலகக் கண்காட்சி. ஆர்.சி.ஏ. கம்பெனியின் தலைவர் டேவிட் சார்நாஃப் டெலிவிஷனை அமெரிக்க மக்களுக்கு அறிமுகம் செய்து வைத்தார். ரஷ்யப் பேரரசில் பிறந்து, சின்ன வயசில் நியூயார்க் தெருக்களில் பேப்பர் விற்று, தந்தி ஆபீஸ் பையனாக வேலைக்குச் சேர்ந்து, கம்பெனியின் உச்சிக்கே ஏறியவர். தான் ஆசைப்பட்டது நடந்தே தீர வேண்டும் என்று நினைக்கிற ரகம்.

அப்போது வந்த பெரிய பெட்டிக்கு டி.ஆர்.கே.-12 என்று பெயர். 12 இன்ச் படம். படக்குழாய் ரொம்ப நீளம் என்பதால், அதைப் பெட்டிக்குள் செங்குத்தாக நிறுத்தி வைத்திருந்தார்கள். மேல்மூடியைத் திறந்தால் உள்பக்கம் ஒரு கண்ணாடி. படத்தை நேராகப் பார்க்க முடியாது. கண்ணாடியில் தெரிகிற பிம்பத்தைத்தான் பார்க்க வேண்டும்! விலை 600 டாலர். யார் வாங்குவார்கள்? மிகச் சிலரே வாங்கினார்கள்.

சார்நாஃப் சளைக்கவில்லை. 1940, மார்ச்சில் விலையைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு வெட்டி, பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். போன வருஷத்துப் பெட்டி, இந்த வருஷத்துக் குறைந்த விலை. நீங்களும் நானும் என்றால் ஓடிப்போய் வாங்கியிருப்போம்.

குறுக்கே வந்து நின்றவர் ஜேம்ஸ் லாரன்ஸ் ஃப்ளை. டெக்ஸாஸ்காரர், வக்கீல். வானொலி, டெலிவிஷன் எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுக்கிற எஃப்.சி.சி. கமிஷனின் தலைவர். விளம்பரம் வந்த சில நாட்களிலேயே, டெலிவிஷனை வியாபாரமாக நடத்தக் கொடுத்திருந்த அனுமதியைக் கமிஷன் நிறுத்தி வைத்தது! நாடே அதிர்ந்தது. ‘ஒரு கம்பெனி தன் சரக்கை விற்பதைத் தடுக்க சர்க்கார் யார்?’ என்று பத்திரிகைகள் பாய்ந்தன. விவகாரம் செனட் வரைக்கும் போனது. ஃப்ளை ரேடியோவில் பேசி மக்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

அவருடைய வாதம் என்ன? ரேடியோவில் பழைய பெட்டியும் பாடும், புதுப் பெட்டியும் பாடும். டெலிவிஷன் அப்படி இல்லை. ஒளிபரப்பும் பெட்டியும் பூட்டும் சாவியும் மாதிரி. பூட்டை மாற்றினால் கையில் இருக்கிற சாவி வெறும் இரும்புத் துண்டு. ஒரு படத்தை எத்தனை கோடுகளாகப் பிரித்து அனுப்புவது என்பதே அப்போது முடிவாகியிருக்கவில்லை. ஆர்.சி.ஏ. 441 கோடு என்றது. ஃபில்கோ கம்பெனி 605 வேண்டும் என்றது. ஆளுக்கொரு கணக்கு. இந்த நிலையில் ஜனங்கள் தலையில் பெட்டிகளைக் கட்டிவிட்டால்? நாளைக்கு நல்ல முறை வந்தாலும் மாற முடியாது. மாறினால் வாங்கியவன் அம்போ.

சார்நாஃபுக்கு ஃப்ளை மேல் ஆத்திரம். ஆனால் நடந்தது என்ன? தொழில்காரர்கள் எல்லோரும் ஒரு குழுவில் உட்கார்ந்து பேசி 525 கோடு என்று முடிவு செய்தார்கள். கமிஷனும் தலையாட்டியது. 1941, ஜூலை 1-ம் தேதி முறைப்படி வியாபார ஒளிபரப்பு ஆரம்பம். அன்றைக்கு ஒரு பேஸ்பால் மேட்சுக்கு முன்னால் புலோவா கடிகாரக் கம்பெனி காட்டிய விளம்பரத்துக்குக் கட்டணம் மொத்தமே 9 டாலர்!

பழைய 441 கோட்டுப் பெட்டிகள்? திறந்து மாற்றி அமைத்தால்தான் படம். ஒலி வருகிற முறைகூட மாறிவிட்டிருந்தது. ஃப்ளை சொன்னது பதினைந்தே மாதத்தில் பலித்தது. நல்லவேளை, விற்றிருந்தது சில ஆயிரம் பெட்டிகள்தான்.

இப்போது ஐந்நூறு டாலருக்கு வருவோம்.

வருஷம் 1951. யுத்தம் முடிந்து டி.வி. காட்டுத்தீயாகப் பரவி, அமெரிக்க வீடுகளில் ஒரு கோடிக்கும் மேல் பெட்டிகள். எல்லாம் கறுப்பு வெள்ளை. கடையில் ஒரு புதுப் பெட்டி வந்திருக்கிறது. கலர்! சி.பி.எஸ்.-கொலம்பியா. விலை, ஐந்து சென்ட் குறைய, 500 டாலர். வாங்குவீர்களா?

ஆசைப்படாதீர்கள், முதலில் உள்ளே எட்டிப் பாருங்கள். படக்குழாய்க்கு முன்னால் ஒரு வட்டத் தகடு சுற்றுகிறது. அதில் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடித் தாள்கள். கறுப்பு வெள்ளைப் படம் மூன்று நிறங்கள் வழியாக மாறி மாறித் தெரிய, வேகம் தாங்காமல் கண் அதைக் கலராகச் சேர்த்துக்கொள்கிறது. சி.பி.எஸ்.ஸின் பீட்டர் கோல்ட்மார்க் என்ற பொறியாளரின் மூளை. நிறம் அற்புதமாக இருந்தது என்று எதிரிகளே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தகடு, படத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அகலமாக இருக்க வேண்டும். 12 இன்ச் படத்துக்கே பெட்டி பூதாகாரம். அந்தச் சமயத்தில் கறுப்பு வெள்ளையில் 20 இன்ச் சாதாரணமாகிக்கொண்டிருந்தது.

அதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று உண்டு. இது 405 கோடு. வீட்டில் இருக்கிற ஒரு கோடிப் பெட்டியிலும் இந்த ஒளிபரப்பு வராது. தனியாக ஒரு கருவி வாங்கி மாட்டினால்தான் கறுப்பு வெள்ளையிலாவது தெரியும். மறுபடியும் பூட்டு, சாவி! ஃப்ளை 1944-லேயே கமிஷனை விட்டுப் போயிருந்தார். அவர் எதற்குப் பயந்தாரோ அதே காரியத்தை, அதே கமிஷன் 1950-ல் கையெழுத்துப் போட்டு அனுமதித்தது. சார்நாஃப் கோர்ட்டுக்குப் போனார். 1951, மே மாதம் சுப்ரீம் கோர்ட்டும் கமிஷன் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

ஜூன் 25-ம் தேதி, சி.பி.எஸ். கலரில் தன் முதல் வியாபார நிகழ்ச்சியை ஐந்து நகரங்களுக்கு ஒளிபரப்பியது. ஊரெல்லாம் டி.வி. இருந்தும் பார்க்க ஆளில்லாத விழா! அதைக் காட்டக்கூடிய பெட்டிகள் சில டஜன்தான் இருந்தன.

கடைக்கு வந்த சி.பி.எஸ். பெட்டிகளின் ஆயுள் சில வாரங்கள். கொரியப் போரைக் காரணம் காட்டி, அக்டோபரில் கலர் பெட்டி உற்பத்தியை நிறுத்தச் சொன்னது அரசாங்கம். சி.பி.எஸ். மறுபேச்சுப் பேசவில்லை. உள்ளூர நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. செய்தது சுமார் 200, அனுப்பியது அதில் பாதி. அனுப்பியதைத் திரும்ப வாங்கி அழித்துவிட்டார்கள்.

(அந்தச் சுற்றுத் தகடு மட்டும் சாகவில்லை. 1969-ல் அப்போலோ விண்கலங்களில் போன கலர் காமிராக்களுக்குள் சுற்றியது அதே தத்துவம்தான். வரவேற்பறைக்கு ஒத்துவராதது சந்திரனுக்கு ஒத்துவந்தது!)

அடுத்து 1954. ஆர்.சி.ஏ.யின் முறை ஜெயித்துவிட்டது. 1953, டிசம்பர் 17-ல் கமிஷனின் அனுமதி. இதன் பெருமை, பழைய பெட்டியைப் பகைத்துக்கொள்ளாதது. கலர் ஒளிபரப்பு, கறுப்பு வெள்ளைப் பெட்டியில் கறுப்பு வெள்ளையாக வரும். 1946-ல் வாங்கியவனும் பிழைத்தான். சுழலும் தகடு கிடையாது; ஒரே குழாய்க்குள் மூன்று எலக்ட்ரான் துப்பாக்கிகள், திரை முழுக்க மூவர்ணப் புள்ளிகள்.

வெஸ்டிங்ஹவுஸ் முந்திக்கொண்டு, பிப்ரவரி கடைசியில் 1,295 டாலருக்கு ஒரு பெட்டியை நியூயார்க் கடைகளில் வைத்தது. முதல் மாதத்தில் விற்றது 30-தான். ஆர்.சி.ஏ.யின் சி.டி.-100 மார்ச் மாதம் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. 15 இன்ச் குழாய், விலை 1,000 டாலர். ஒரு சராசரி அமெரிக்கக் குடும்பத்தின் அந்த வருஷ வருமானம் 4,200 டாலர் அளவில் இருந்தது. அதாவது, மூன்று மாதச் சம்பளத்தை அப்படியே எடுத்து வைக்க வேண்டும். அதில் பார்க்கக் கலர் நிகழ்ச்சி வாரத்துக்குச் சில மணி நேரம்கூடத் தேறாது. பக்கத்திலேயே 21 இன்ச் கறுப்பு வெள்ளை சுமார் 200 டாலருக்கு இருந்தது.

ஆனாலும் வாங்கினவர்கள் இருந்தார்கள். ஆயிரம் டாலர் கொடுத்துப் பெட்டியை ஹாலில் வைத்து, அண்டை வீட்டாரை அழைத்துக் காட்டிப் பெருமைப்பட்டார்கள். அந்தக் கோடைகூட முடியவில்லை, செய்தி வந்தது: கலரில் 21 இன்ச் வருகிறது, விலை 895 டாலர். அவர்களுடைய 15 இன்ச்? 495 டாலர்! நாலைந்து மாதத்தில் பாதி விலை போச்சு. அந்த வீட்டில் அன்றைக்கு ராத்திரி என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் பையில் இருக்கிற ஐந்நூறுக்கு வேலை வந்துவிட்டது. 1954 கடைசியில் அந்தப் பழைய சி.டி.-100-ஐ 495-க்கு வாங்கலாமா? இல்லை, பொறுக்கலாமா? பொறுத்தவர்களுக்கு 1956-ல் பலன் கிடைத்தது. அதே 495 டாலருக்கு, ஆர்.சி.ஏ.யிலேயே, புத்தம் புதிய 21 இன்ச் கலர்!

ஐந்து வருஷம், கிட்டத்தட்ட ஒரே விலை, மூன்று பெட்டிகள். 1951-ல் வாங்கியிருந்தால் உங்கள் பெட்டிக்கு ஒளிபரப்பே கிடையாது. 1954-ல் என்றால் சின்னத் திரை. 1956-ல் பெரிய திரை. அப்படியானால் பொறுத்தவர்தான் கெட்டிக்காரரா?

எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. 1956-ல் வாங்கியவருக்கும் பார்க்க என்ன இருந்தது? ‘பொனான்சா’ 1959-ல்தான் வந்தது. வால்ட் டிஸ்னியின் கலர் நிகழ்ச்சி 1961-ல். எல்லோரும் பொறுத்ததால் பெட்டி விற்கவில்லை; பெட்டி விற்காததால் நிகழ்ச்சி எடுக்க ஆளில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட சார்நாஃப், கலரில் லாபம் பார்ப்பதற்குள் சுமார் 13 கோடி டாலரைக் கொட்ட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் கறுப்பு வெள்ளையைவிடக் கலர் அதிகம் விற்றது 1972-ல்! ஆயிரம் டாலர் கொடுத்து ஏமாந்தார்களே, அவர்களும் இல்லாவிட்டால் இந்த வண்டி நகர்ந்திருக்குமா என்பது சந்தேகம்.

இன்னொன்று. சி.டி.-100 எல்லா விதத்திலும் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 1953-ல் வகுத்த நிற இலக்கணத்துக்கு அப்படியே பொருந்துகிற பாஸ்பர் பூச்சு அதன் திரையில் இருந்தது. ஆழ்ந்த சிவப்பு, அடர்ந்த பச்சை. ஆனால் வெளிச்சம் போதாது. விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். 1960-களில் வெளிச்சத்துக்காக வேறு பூச்சுக்கு மாறினார்கள். படம் பளிச்சென்று ஆனது, நிறத்தின் ஆழம் குறைந்தது. அதற்கப்புறம் வந்த எத்தனையோ வருஷத்துப் பெட்டிகள், அந்தச் சின்னத் திரை காட்டிய நிறங்கள் அத்தனையையும் காட்டவில்லை. கடையின் வெளிச்சத்தில் ஜெயிப்பது பளிச்சென்ற பெட்டிதானே!

இதே கதை நம் காலத்திலும் நடந்தது. 2007-ல் பயோனியர் கம்பெனி குரோ என்ற பிளாஸ்மா டி.வி.யைக் கொண்டுவந்தது. கறுப்பைக் கறுப்பாகவே காட்டியது. விலை கட்டுப்படியாகாமல், 2009, பிப்ரவரியில் டி.வி. தொழிலையே விடுவதாகக் கம்பெனி அறிவித்தது. கடைகளில் மிச்சமிருந்த குரோவுக்குப் பக்கத்தில், ஒல்லியாக, வெளிச்சமாக அந்த வருஷத்து எல்.சி.டி.க்கள். புதுசை எடுத்தவர்கள்தான் அதிகம். ஆனால் அதற்குப் பிறகும் பல வருஷம், புதிதாக எந்த டி.வி. வந்தாலும் விமர்சகர்கள் அதன் கறுப்பை அந்தச் செத்துப்போன குரோவோடுதான் ஒப்பிட்டார்கள். அந்த மைத்துனர் சொன்னது சரிதான் என்று தோன்றுகிறதா? அவர் 1940-ல் சொல்லியிருந்தால் 441 கோட்டுப் பெட்டியை உங்கள் தலையில் கட்டியிருப்பார்.

அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் பழைய முறை ஒளிபரப்பை நிறுத்தியது 2009, ஜூன் 12-ல். அதுவரை சி.டி.-100 படம் காட்டத் தகுதியோடுதான் இருந்தது, ஐம்பத்தைந்து வருஷம். மொத்தம் செய்தது ஐயாயிரத்துக்குள். ஒஹாயோ மாநிலத்தில் ஹில்லியார்ட் என்ற ஊரில் பழைய டெலிவிஷன்களுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது, அங்கே போனால் பார்க்கலாம். பிழைத்திருக்கிற பெட்டிகளில் பலவற்றுக்கு ஒரே வியாதி: குழாயில் உலோகமும் கண்ணாடியும் ஒட்டுகிற இடத்தில் காற்று கசிந்து, வெற்றிடம் போய்விட்டது. காற்றுப் புகாத குழாய் கிடைத்தால் சேகரிப்பாளர்கள் என்ன விலையும் கொடுக்கத் தயார்.