கிணற்றடியிலிருந்து மேல்மாடிக்கு: திருகோணமலை மனைகளில் நீராடலும் நீர்க்குழாயும்

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோணேசர் ஆலயம் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டதையும், 1639 இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றியதையும், 1795 இல் அது பிரித்தானியர் வசமானதையும் விரித்துரைப்பர். கோட்டையின் நிழலில் வாழ்ந்த குடிகள் எங்கே நீராடினர், ஆடிய நீர் எவ்வழிச் சென்றது என்பன சிறிய வினாக்களாகத் தோன்றலாம். ஆயினும் துறைமுகத்தை அடுத்துள்ள பழைய வீடொன்றின் மச்சினை அறையாக்கி, அங்கே குளியலறையும் அமைக்க விரும்பும் ஒருவர் முதலில் எதிர்கொள்வன இவ்வினாக்களே.

நம் முன்னோர்க்கு நீராடல் நிலமட்டத்துத் தொழில். வீட்டிற்குப் பின்னே கிணறு, அதனருகே துவைகல், வழிந்தோடும் நீரை ஏற்கத் தென்னையும் வாழையும். துலாவினாலோ கப்பியினாலோ இறைத்த நீர் பத்தடிக்கு அப்பால் மரத்தின் வேரில் முடிந்தது. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் இத்தகையனவே. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக அவற்றைத் தோற்றுவித்தான் என்னும் ஐதீகம் பற்றி, இறந்தோர் கடன் கழிக்க மக்கள் அங்கே சென்று நீரை அள்ளி வார்த்துக்கொள்வர். நீர் இருக்குமிடத்திற்கு மனிதன் சென்றானேயன்றி, மனிதன் இருக்குமிடத்திற்கு நீர் ஏறி வரவில்லை. நீரைத் தொலைவிலிருந்து கொணரும் கலை இந்நாட்டார்க்குத் தெரியாததன்று. அநுராதபுரத்து இரட்டைக் குளத்தில் சேறு தங்கும் தொட்டியும் நிலத்தடிக் குழாயும் உள்ளன. சீகிரியாவின் நீரூற்றுகள் இன்றும் மழைக்காலத்தில் மேலெழுகின்றன. ஆனால் அவை அரசர்க்கும் துறவிகளுக்கும் அமைந்தவை. குடிமகனின் கூரைக்கு அவை எட்டவில்லை.

மலசலகூடத்தின் கதை இன்னும் கசப்பானது. நகரத்து வீடுகளில் அது வளவின் கோடியில் ஒதுக்கப்பட்டது. வாளி வைத்த மலசலகூடங்கள் இருந்த காலத்தில் அவ்வாளியைச் சுமந்து சென்றோர் பட்ட துன்பத்தையும் இழிவையும் நகர வரலாறுகள் பெரும்பாலும் பேசுவதில்லை. மனிதர் சுமக்கும் வாளி உள்ளவரை, அவ்வறையை வீட்டினுள்ளே, அதுவும் மேல்மாடியில், அமைப்பது எண்ணவும் இயலாததாயிற்று. ஆகவே மேல்மாடிக் குளியலறையை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. மூட்டு நோயால் இரவிற் படியிறங்க இயலாத முதியோர்க்கு அது பெரும் உதவி.

குழாய் இந்நகரத்துக்கு வந்ததில் கடற்படைத் தளத்திற்கும் ஒரு பங்குண்டு எனக் கருதுதல் தவறாகாது. 1957 இல் இலங்கையிடம் கையளிக்கப்படும் வரை பிரித்தானியக் கடற்படை இங்கு நிலைகொண்டிருந்தது. சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளும் அவற்றை இணைக்கும் பெருங்குழாய்களும் அக்காலத்தன. இன்று நகரத்தவர் அருந்தும் குழாய்நீர் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கந்தளாய்க் குளத்தது. அக்குளத்தைக் குளக்கோட்டன் கட்டினான் என்பது கோணேசர் மரபு. சூளவம்சமோ இரண்டாம் அக்கபோதியின் பணியாகக் கூறுகின்றது. யார் கட்டினும், ஆலயத்து வயல்களுக்கென மரபு போற்றிய நீர் இன்று கூரையடியிற் பூவாளியாய்ச் சொரிகின்றது.

இங்கே ஒரு முரண் உண்டு. நீர் மிகுந்த உயரத்தில் இருக்கும் தாங்கிக்கு மிக அண்மையிலுள்ள அறையே நீரின் வேகம் மிகக் குறைந்த அறையாகின்றது. பத்து மீற்றர் உயர நீர்த்தூண் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அமுக்கத்தைத் தரும். மச்சிலுள்ள பூவாளிக்கும் தாங்கிக்கும் இடையே ஒரு மீற்றரே இருப்பின் அதிற் பத்திலொரு பங்கே கிட்டும். கீழ்வீட்டார் நன்கு குளிக்க, மேலிருப்பவர் சொட்டுக்குக் காத்திருப்பர். தாங்கியை உயர்த்தலாமெனின், ஆயிரம் லீற்றர் நீரின் எடை ஒரு தொன். பனை வளைகளும் முருகைக்கற் சுவரும் ஓட்டின் பாரத்தைத் தாங்கவென்று அமைந்தவை. இப்புதிய சுமையை அவற்றின்மேல் ஏற்றாது, தாங்கியை வெளியே தனித் தூண்களில் நிறுத்துதலே அறிவுடைமை. வளைகளைக் குடைந்து குழாயை நுழைப்பதும் அவ்வாறே கேடு. நான்கு அங்குலக் கழிவுக்குழாய் நாற்பதடிக்கு ஓரடியேனும் சரிந்து செல்லவேண்டும். புதிய அறையைக் கீழுள்ள குளியலறைக்கு நேர்மேலே, வெளிச்சுவரை ஒட்டி அமைத்தால் வளைகள் தப்பும். சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவரினுள் கசியும் நீர் வளையின் நுனியை உளுக்கச் செய்து கறையானையும் அழைத்துவரும்.

ஏற்றுவதினும் இறக்குவதே அரிய கலை. மொகெஞ்சதாரோவில் செங்கல் வடிகால்கள் இருந்தன. றோமர் ஈயக்குழாய் பதித்தனர். எனினும் வடிகாலின் நாற்றம் வீட்டினுள் மீளாதபடி தடுக்கும் வளைகுழாய்க்கு, இலண்டனில் மணிக்கூடு செய்த அலெக்சாந்தர் கமிங் என்பார் 1775 இல் உரிமைப் பத்திரம் பெற்றார். வளைவில் தங்கும் இரண்டங்குல நீரே காவல். மேல்மாடியிலிருந்து பெருநீர் ஒருங்கே பாயும்போது அது பின்னுள்ள காற்றை இழுத்து, கீழறையின் காவல்நீரையும் உறிஞ்சிவிடும். அதனாலேயே காற்றுக்குழாய் ஒன்று கூரைக்கு மேலே எழவேண்டும். அதன் வாயில் நுளம்பு புகாத வலையும் வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் விருந்தினர்க்கென ஒதுக்கிய அறையின் காவல்நீர் தானே வற்றும். நாற்றம் எழுந்ததும் கொத்தனாரை ஏசுவோர் ஒரு வாளி நீரை ஊற்றிப் பார்ப்பதில்லை.

இறுதியில் அந்நீர் எங்கே செல்லும்? இரு குடாக்களுக்கிடையே அமைந்த நகரம் இது. கரையோர மணலில் நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. மச்சிலுள்ள புதிய அறை நாளொன்றுக்குச் சில நூறு லீற்றர் நீரை அதே வளவினுள் இறக்குமாயின், ஊறுகுழியிலிருந்து கிணற்றுக்குள்ள தொலைவே குடும்பத்தின் உடல்நலத்தைத் தீர்மானிக்கும். மாரியில் நிலத்தடி நீர் உயர்ந்து குழியின் அடியைத் தொடும்போது மணல் வடிகட்டும் ஆற்றலையும் இழக்கின்றது. கடலில் விட்டுவிடலாம் என்பாரும் உளர். ஆங்கிலேய ஆற்றுமுகங்களிற் போல வற்றுப்பெருக்கு இங்கில்லை. இங்கே அது ஒரு மீற்றருக்கும் குறைவு. நிலத்தாற் சூழப்பட்ட உட்துறைமுகத்தில் விடப்பட்டது எளிதில் அகலுவதில்லை. குழாய்நீர் வந்தபின் பல வளவுகளிற் கிணறு மூடியிடப்பட்டுக் கிடக்கின்றது. 1986 ஏப்ரலிற் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததை நினைவுகூரும் முதியோர் மட்டும், மூடியைத் திறந்து ஆண்டிற்கொருமுறை தூர்வாரி வருகின்றனர். ஊறுகுழியை அவர்கள் கிணற்றுக்கு எதிர்க்கோடியிலேயே தோண்டச் சொல்வர்.