பிலே ஆலயம்

பிலே என்பது எகிப்து நாட்டின் தென்பகுதியில், அஸ்வான் நகருக்குத் தெற்கே, நைல் நதி கரும்பாறைகளிடையே சிதறிப் பாயும் இடத்தை அடுத்திருந்த சிறு தீவாகும். ஐசிஸ் தேவியின் புண்ணிய க்ஷேத்திரமாகப் பல நூற்றாண்டுகள் விளங்கிய இத்தீவு இன்று நீருள் ஆழ்ந்துவிட்டது. ஆலயமோ அருகிலுள்ள அஜில்கியாத் தீவில் மீண்டும் நிறுவப்பெற்றுள்ளது.

வரலாறு: இங்கு இப்போது காணும் கட்டடங்களுள் மிகப் பழையது, கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் நெக்டானெபோ எடுப்பித்த மண்டபம். பின்னர் தாலமி வமிசத்து மன்னர்கள் பிரதான ஆலயத்தை எழுப்ப, ரோமானியச் சக்கரவர்த்திகளான டிராஜனும் ஹாட்ரியனும் மண்டபமும் வாயிலும் சேர்த்தனர். ஐசிஸின் கணவரான ஒசைரிஸின் சமாதி இருப்பதாக நம்பப்பட்ட எதிர்க்கரைத் தீவான பிகேவுக்குப் பத்து நாட்களுக்கொருமுறை தேவியின் திருவுருவம் படகேறிச் செல்வது வழக்கம்.

கிறிஸ்தவம் பேரரசின் மதமான பின்பும், தெற்கேயிருந்த நூபிய மக்கள் தேவியிடம் கொண்ட பக்தியினால் இங்கு வழிபாடு தொடர்ந்தது. ஹாட்ரியன் வாயிலில், மாண்டூலிஸ் என்னும் தெய்வத்தின் உருவத்தருகே, கி.பி. 394 ஆகஸ்டு 24இல் ஓர் அர்ச்சகர் பொறித்த வாசகமே, காலம் அறியப்பட்ட எகிப்தியச் சித்திரலிபிச் சாசனங்களுள் இறுதியானது. 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் ஆணையால் ஆலயம் மூடப்பட்டு, தூண் மண்டபம் புனித ஸ்தேவானின் தேவாலயமாயிற்று. அங்குச் செதுக்கிய சிலுவைகளையும், உளியால் சிதைக்கப்பட்ட தெய்வ வடிவங்களையும் இன்றும் காணலாம்.

நீரும் மீட்பும்: 1902இல் அஸ்வானில் கட்டி முடிக்கப்பட்ட அணை, இருமுறை உயர்த்தப்பட்டபோது, ஆலயம் ஆண்டின் பெரும்பகுதி நீரில் மூழ்கிக் கிடந்தது. குளிர்காலத்தில் வந்த யாத்திரிகர்கள் தூண்களின் தலைப்புகளிடையே படகில் சென்று பார்த்தனர். மதகுகள் திறக்கும் கோடையின் சில மாதங்களிலேயே தரை வெளிப்பட்டது. முந்திய நூற்றாண்டுப் பிரயாணிகள் வியந்து வரைந்த வர்ணங்கள் இவ்வாறு கரைந்தழிந்தன. 1960இல் யுனெஸ்கோ விடுத்த வேண்டுகோளின் பயனாக, 1970களில் தீவைச் சுற்றித் தடுப்பணை எழுப்பி நீரை இறைத்து, நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட கற்களைப் பிரித்தெடுத்து, பழைய தீவின் வடிவுக்கேற்பச் செப்பனிடப்பட்ட அஜில்கியாவில் வரிசை பிறழாது அடுக்கினர். 1980 மார்ச்சில் ஆலயம் திறக்கப்பட்டது.

யாத்திரை: பயணத்துக்கு ஏற்றது நவம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள காலம், அப்போதும் காலைப்பொழுதே சிறந்தது. அஸ்வானிலிருந்து ஷெல்லால் படகுத்துறைக்குச் சென்று படகேற வேண்டும். நுழைவுச் சீட்டு வேறு, படகுக் கூலி வேறு. ஆதலால் போக வர ஆகும் கூலியையும், படகு காத்திருக்கும் நேரத்தையும் ஏறுமுன்பே பேசி முடித்துக்கொள்வது நலம். கரையேறியதும் நெக்டானெபோவின் மண்டபத்தில் தொடங்கி, தூண் வரிசைகளின் வழியே சுமார் 18 மீட்டர் உயரமுள்ள முதற் கோபுரவாயிலை அடைந்து, கருவறை வரை சென்று, இறுதியில் ஹாட்ரியன் வாயிலையும் டிராஜன் மண்டபத்தையும் காண்பது, ஆலயம் வளர்ந்த முறையை உணர உதவும். சுவர்களில் நீர் நின்ற உயரத்தைக் காட்டும் கறைக்கோட்டையும் கவனித்தல் தகும். மனிதரின் ஒரு தேவைக்காக நீரில் விடப்பட்டதும், பல நாட்டு மக்களின் கூட்டு முயற்சியால் காக்கப்பட்டதுமான ஆலயம் இது என்பதற்கு அதுவே பிரத்தியட்சச் சான்று.