குறியீடும் முன்னமும்: விவேக் நகர்ப் பேச்சுச் சூழலை முன்வைத்துக் கருத்துப் புலப்படுத்தக் கொள்கையின் வரலாறு

ஒருவர் கருத்தை மற்றொருவர் எவ்வாறு அறிந்துகொள்கிறார் என்னும் வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டு மொழியியல் அளித்த முதல் விடை எளிமையானது. பேசுவோர் தம் எண்ணத்தை ஒலிக்குறியாக மாற்றுகிறார். கேட்போர் அவ்வொலிக்குறியை மீண்டும் எண்ணமாக மாற்றிக்கொள்கிறார். இருவரிடமும் ஒரே குறியீட்டமைப்பு இருப்பதால் இது இயல்கிறது. சசூர் 1907 முதல் 1911 வரை ஜெனிவாவில் நிகழ்த்திய சொற்பொழிவுகளின் அடிப்படையில், அவர் மறைவுக்குப் பின் 1916இல் வெளிவந்த நூலில் காணப்படும் பேச்சுச் சுற்று இவ்விடையின் செவ்விய வடிவமாகும். 1948இல் கிளாட் ஷானன் வெளியிட்ட கணிதக் கொள்கை அனுப்புநர், தடம், இரைச்சல், பெறுநர் என்னும் உறுப்புகளைக் கொண்டு இதற்கு ஒரு பொறியியல் வடிவம் தந்தது. தொலைபேசி, தந்தி ஆகியவற்றின் சிக்கலைத் தீர்க்க எழுந்த அக்கொள்கையில் பொருண்மைக்கு இடமில்லை என்பதை ஷானனே தெளிவாகக் கூறியிருந்தார். அவரை எடுத்தாண்ட பலர் அவ்வெச்சரிக்கையைப் பொருட்படுத்தவில்லை.

தமிழில் இத்துறைக்கு வழங்கும் பெயர்களும் இங்கு நோக்கத்தக்கவை. 'தகவல் தொடர்பு' என்பது கம்பியையும் அலையையும் நினைவூட்டுவது. 'கருத்துப் பரிமாற்றம்' என்பது கருத்தை ஒரு பண்டமாகக் கொண்டு, ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு அது செல்வதாகக் காட்டுகிறது. இலையில் சோறு பரிமாறுவது போன்றதே இவ்வுருவகமும். ஆங்கிலத்தில் இத்தகைய 'குழாய் உருவகம்' சிந்தனையை எவ்வளவு தூரம் ஆட்டிவைக்கிறது என்பதை மைக்கேல் ரெட்டி 1979இல் விளக்கினார். 'புலப்படுத்தம்' என்னும் சொல் இக்குறையிலிருந்து ஓரளவு தப்புகிறது. புலப்படுத்துவோர் குறிப்புக் காட்டுகிறார், புலனாவது கேட்போரிடத்தே.

1. ஒரு குறியீடா, பல குறியீடுகளா?

இருவரிடமும் ஒரே குறியீட்டமைப்பு உண்டு என்னும் கருதுகோளைச் சோதிக்கப் பெங்களூரின் விவேக் நகரைப் போன்ற இடம் ஏற்றது. கன்டோன்மென்டின் தென்பகுதியாகிய ஆஸ்டின் டவுனை ஒட்டி அமைந்த இக்குடியிருப்பின் மொழிச் சூழலைப் படை வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த ஆங்கிலேயப் படை 1809இல் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. சென்னை மாகாணப் படையோடு தமிழரும் தெலுங்கரும் வந்தனர். படைவீரரோடு வணிகர், சமையற்காரர், கட்டடத் தொழிலாளர் எனப் பலரும் வந்தனர். 1881இல் மைசூர் அரசு உடையார்களிடம் திருப்பி அளிக்கப்பட்டபோதும் இப்பகுதி ஆங்கிலேயர் ஆட்சியிலேயே இருந்தது. 1947இல் மைசூரிடம் ஒப்படைக்கப்பட்டு, 1949இல் பழைய நகரோடு ஒரே மாநகராட்சியாக இணைந்தது. ஆகவே தமிழ், கன்னடம், தக்கணி உருது, தெலுங்கு, மலையாளம், ஆங்கிலம் ஆகியவை ஒரே தெருவில் வழங்குவது அண்மைக் காலக் குடிபெயர்வால் மட்டும் ஏற்பட்ட நிலையன்று.

(ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டெல் நகர் என்னும் பெயரும் சூட்டப்பட்டுள்ளது. 1894இல் கன்னட-ஆங்கில அகராதியை வெளியிட்ட ஃபெர்டினாண்ட் கிட்டெலின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. அகராதி ஆசிரியருக்கு வாய்த்த பொருத்தமான பெருமைதான். ஆயினும் மக்கள் நாவில் பழைய பெயரே நிலைத்திருக்கிறது.)

இங்குள்ள ஒரு வீட்டு வாயிலில் கன்னடம் பேசும் பெண்மணி விருந்தினரை வரவேற்பதாகக் கொள்வோம். கன்னடத்தில் 'வாருங்கள்' என்பதற்குரிய சொல் 'பன்னி'. முதலெழுத்து ஒலிப்புடையது, எனினும் தமிழ் எழுத்தில் அவ்வேறுபாடு தோன்றாது. பேச்சுத் தமிழில் 'பன்னி' எந்த விலங்கைக் குறிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வொற்றுமையை வைத்து வேடிக்கை பேசுவதுண்டு. ஆனால் வாயிலில் நிற்கும் தமிழர், கன்னடம் அறியாதவராயினும், இச்சொல்லை வசையாகக் கொள்வதில்லை. திறந்த கதவு, முகமலர்ச்சி, உள்ளே அழைக்கும் கை, விருந்தினர் என்னும் தம் நிலை ஆகிய அனைத்தையும் கொண்டு சொல்லின் பொருளை அவர் உய்த்துணர்கிறார். இங்குக் குறியீடு பொதுவானதன்று; இருந்தும் புலப்படுத்தம் நிகழ்கிறது. 'இங்கே' என்னும் பொருளுடைய கன்னட 'இல்லி', 'போதும்' என்னும் பொருளுடைய 'சாக்கு' ஆகியவையும் இத்தகையனவே.

2. உய்த்துணர்வின் வரலாறு

குறியீட்டை மட்டும் நம்பிய கொள்கை இதை விளக்காது. யாகப்சன் 1958ஆம் ஆண்டுக் கருத்தரங்கில் அளித்து 1960இல் அச்சான கட்டுரையில் சூழலையும் தொடர்பையும் உறுப்புகளாகச் சேர்த்தார். 'சாப்பாடு ஆயிற்றா' என்னும் தமிழ் வினாவும் 'ஊட்டா ஆய்த்தா' என்னும் கன்னட வினாவும் உணவு பற்றிய செய்தியை நாடுவன அல்ல. தொடர்பைப் பேணுவன என்பதை அவர் கொள்கையால் விளக்கலாம். மாலினோவ்ஸ்கி 1923இலேயே இத்தகைய பேச்சைச் சுட்டியிருந்தார். எனினும் யாகப்சனிடமும் குறியீடு பேசுவோருக்கும் கேட்போருக்கும் பொதுவானதாகவே எண்ணப்பட்டது.

உண்மையான திருப்பம் கிரைசிடமிருந்து வந்தது. 1967இல் ஹார்வர்டில் அவர் ஆற்றி, ஒரு பகுதி 1975இல் வெளியான சொற்பொழிவுகளின் சாரம் இதுதான்: கேட்போர் சொற்பொருளை அறிவதோடு நில்லாமல் பேசுவோரின் நோக்கத்தை ஊகிக்கிறார், பேசுவோரும் அவ்வூகத்தை எதிர்பார்த்தே பேசுகிறார். ஸ்பெர்பரும் வில்சனும் 1986இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, குறியீட்டை ஊகத்துக்கு வழங்கப்படும் சான்றுகளுள் ஒன்றாகவே கொண்டனர். விவேக் நகர் வாயிலுக்கு இவ்விளக்கமே பொருந்துகிறது.

தமிழ் மரபு இதைப் பற்றி யாது கூறுகிறது? தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுள் உறுப்புகளாக முப்பத்துநான்கினைத் தொகுக்கிறது. அவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் ஆகியவை இடம்பெறுகின்றன. ஹைம்ஸ் பேச்சு நிகழ்வின் கூறுகளாக 1960களிலும் 1970களிலும் வகுத்தவற்றோடு இவற்றுட் பல ஒத்துச் செல்கின்றன. இவ்விடத்தில் இன்னார் இன்னாருக்குக் கூறத்தக்கது இது எனக் கருதி உணரச்செய்வது முன்னம். சொல்லப்படாது நின்று சொல்லாலோ குறிப்பாலோ நிரப்பப்படுவது எச்சம். எல்லாம் அன்றே சொல்லப்பட்டுவிட்டது என்னும் பெருமிதம் ஆய்வுக்கு உதவாது. தொல்காப்பியர் பேசுவது புலனெறி வழக்கைப் பற்றி; தெருப் பேச்சைப் பற்றியன்று. எனினும் கலைச்சொல் தேடும் மொழிபெயர்ப்பாளர் புதுச்சொல் படைக்குமுன் இவற்றைப் பயன்கொள்வது நன்று.

இந்திய மொழிச் சூழலிலிருந்தே எழுந்த சான்று ஒன்றும் உண்டு. மகாராட்டிர-கர்நாடக எல்லையிலுள்ள குப்வார் சிற்றூரில் மராத்தி, கன்னடம், உருது ஆகியவற்றின் உள்ளூர் வழக்குகள் நெடுங்காலப் பழக்கத்தால் தொடரமைப்பில் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டதைக் கம்பர்சும் வில்சனும் 1971இல் காட்டினர். இலக்கணம் நெருங்கியது, சொற்கள் மட்டும் வேறாகவே நின்றன. ஒரே மொழியாகிவிட ஏன் அம்மக்கள் முற்படவில்லை? பொருளை உணர்த்துவதோடு, பேசுபவர் யார் என்பதையும் மொழி உணர்த்துகிறது.

3. மொழித் தேர்வே செய்தியாகும்போது

இதன் கடுமையான வடிவத்தைப் பெங்களூர் இருமுறை கண்டது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை 1991 டிசம்பர் 11இல் அரசிதழில் வெளியானதைத் தொடர்ந்து நகரில் தமிழர் தாக்கப்பட்டனர். அத்தகைய நாள்களில் பேருந்தில் ஒருவர் எதைச் சொல்கிறார் என்பது பொருட்டன்று. எம்மொழியில் சொல்கிறார் என்பதே பொருட்டு. ஒரு குழந்தை 'அம்மா' என்றழைப்பதும் அடையாளச் சான்றாகிவிடும். 1994 அக்டோபரில் பெங்களூர்த் தொலைக்காட்சி நாள்தோறும் பத்து நிமிட உருதுச் செய்தியைத் தொடங்கியபோது எழுந்த கலவரத்தில் உயிர்கள் பலியாயின. அச்செய்தியறிக்கையின் உள்ளடக்கத்தை எவரும் எதிர்க்கவில்லை. யாரை நோக்கி, எந்நேரத்தில், எம்மொழியில் என்பனவே பூசலுக்குக் காரணங்களாயின. ஷானனின் வரைபடத்தில் இவற்றுக்கு இடமே கிடையாது.

விவேக் நகரின் குழந்தை இயேசு ஆலயத்தில் இதே சிக்கலின் அமைதியான முகத்தைக் காணலாம். 1971இல் சிறு கொட்டகையாகத் தொடங்கிய இவ்வாலயத்துக்கு வியாழன்தோறும் பல சமயத்தாரும் வருகின்றனர். தமிழ், கன்னடம், ஆங்கிலம் முதலிய மொழிகளில் வழிபாடு நிகழ்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் இலத்தீனுக்கு அப்பால் மக்கள் மொழிகளுக்கு வழிபாட்டில் வழி திறந்தது. ஒரே மக்கள் மொழி வழங்கும் ஊருக்கு இது எளிய மாற்றம். பெங்களூர் மறைமாவட்டத்திலோ 'எம்மக்களின் மொழி?' என்னும் வினா நெடுங்காலப் பூசலாயிற்று. எவருக்கும் விளங்காத இலத்தீன் எவரையும் ஒதுக்கவில்லை என்பது இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது. மெழுகுவர்த்தி ஏற்றி நிற்கும் பிற சமயத்தாருள் வழிபாட்டுச் சொற்களை முழுதும் பின்தொடராதோரும் உளர்.

மொழிபெயர்ப்பாளருக்கு இவற்றால் எழும் இடர்ப்பாடு சிறியதன்று. பெங்களூரில் பலரும் அறிந்த 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். முதற்சொல் வடமொழி வழிவந்தது, இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது 'செய்யுங்கள்' என்னும் பொருளுடைய கன்னட வினை. 'சற்று அனுசரித்துக்கொள்ளுங்கள்' என்று தமிழாக்கினால் சொற்பொருள் வந்துவிடும். ஆனால் மூவர் அமரும் இருக்கையில் நான்காமவராக அமர வருபவர், எதிரிலிருப்பவரின் தாய்மொழி எதுவெனக் கேளாமலே அவரிடம் இடம் கேட்கக்கூடிய தன்மை அத்தொடரின் கலப்பிலேயே அடங்கியுள்ளது. தூய தமிழாக்கத்தில் அது மறைந்துவிடுகிறது. அப்படியே ஒலிபெயர்த்தாலோ பெங்களூரை அறியாத வாசகர் 'மாடி' என்பதை வீட்டின் மேல்தளமாகக் கொள்ளக்கூடும். பேருந்து இருக்கையை முந்தைய வாக்கியத்திலேயே காட்டிவிட்டுத் தொடரை ஒலிபெயர்ப்பாக விடுவது ஓரளவு பயன்தரும். அடிக்குறிப்பு இடுவதினும் அது மேலானது.