விலை உயர்ந்த பந்துவீச்சாளரை எப்போது கைமாற்ற வேண்டும்? பத்திரன முதல் முரளிதரன் வரை ஒரு பார்வை

2025 நவம்பரில் சென்னை சுப்பர் கிங்ஸ் அணி மதீஷ பத்திரனவை விடுவித்தது. பதுளை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் கிரிக்கட் விளையாடும் இளைஞர்கள் பலர் அப்போது என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: 13 கோடி இந்திய ரூபா கொடுத்து வைத்திருந்தவரை ஏன் சும்மா விட்டார்கள்? டிசம்பர் 16ஆம் திகதி அபுதாபி ஏலத்தில் கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அவரை 18 கோடிக்கு வாங்கியதும் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. அதற்குப் பதில் சொல்ல முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும்.

24 பந்துகளின் விலை

ரி20 போட்டியில் ஓர் இன்னிங்ஸுக்கு 120 பந்துகள். அதில் ஒருவர் 24 பந்துகளுக்கு மேல் வீச முடியாது. 2025இல் ஒவ்வொரு ஐபிஎல் அணிக்கும் இருந்த செலவு வரம்பு 120 கோடி. அந்தப் பணத்தில் 25 பேர் வரை சேர்க்கலாம். ஆகவே பத்தில் ஒரு பங்குக்கும் அதிகமான பணம் ஒருவரின் 24 பந்துகளுக்குப் போயிருக்கிறது. அந்தப் பந்துகள் கடைசி ஓவர்களில் ஆட்டத்தை மாற்றினால் அது நியாயமான விலை. காயம் வந்தாலோ ஓட்டங்கள் கசிந்தாலோ பணத்தோடு, எட்டே பேருக்கான வெளிநாட்டு வீரர் இடங்களில் ஒன்றும் வீணாகும்.

அமெரிக்க பேஸ்போலிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே ஆட்டத்தைத் தொடங்கும் பந்துவீச்சாளர் வழக்கமாக ஐந்து ஆட்டங்களுக்கு ஒருமுறைதான் களமிறங்குவார். ஆனாலும் அணியின் மிகப் பெரிய சம்பளம் பல வேளைகளில் அவருக்கே போகும். அவரைக் கைமாற்றுவதா வைத்திருப்பதா என்று முடிவெடுக்க மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும். அவரது நல்ல காலம் இனியும் மிச்சமிருக்கிறதா? அவரது இடத்துக்கு ஆள் தயாரா? இப்போது விட்டால் பதிலுக்கு ஏதாவது கிடைக்குமா?

சரியாக விட்ட ஒரு தடவை

2008இல் முத்தையா முரளிதரனைச் சென்னை 6 இலட்சம் டொலருக்கு வாங்கியது. 2010இல் சென்னை முதல் கிண்ணத்தை வென்றபோது அவர் அணியில் இருந்தார். 2011 ஏலத்தில் 38 வயதான அவரைக் கொச்சி அணி 11 இலட்சம் டொலருக்கு வாங்கியது. சென்னை அந்தத் தொகைக்குப் போகவில்லை. ரவிச்சந்திரன் அஷ்வின் தயாராக இருந்ததே காரணம் என்று நான் நினைக்கிறேன். அந்தப் பருவத்தில் அஷ்வின் 20 விக்கட்டுகள் எடுத்தார். கிண்ணம் மீண்டும் சென்னைக்கே வந்தது. முரளியின் திறமை தீர்ந்துவிடவில்லை. 2012இல் பெங்களூருக்காக 10 ஆட்டங்களில் 15 விக்கட்டுகள் எடுத்தார். அப்படியிருந்தும் சென்னையின் முடிவு சரி. கொடுக்கும் விலை வரப்போகும் வருடங்களுக்கானது, கடந்த புகழுக்கானது அல்ல.

பேஸ்போலில் ஜொஹான் சன்டானாவின் கதை இன்னொரு பக்கத்தைக் காட்டும். மினசோட்டா ட்வின்ஸ் அணி 2008 தொடக்கத்தில் அவரை நியூயோர்க் மெட்ஸுக்குக் கொடுத்து நான்கு இளம் வீரர்களைப் பெற்றது. மெட்ஸ் அவருடன் ஆறு வருடங்களுக்கு 137.5 மில்லியன் டொலர் ஒப்பந்தம் செய்தது. தோள்பட்டைச் சத்திரசிகிச்சையால் 2011 முழுவதும் அவர் ஆடவில்லை. 2012க்குப் பிறகு பெரிய லீக்கில் பந்து வீசவே இல்லை. ஆனால் மினசோட்டாவுக்குக் கிடைத்த நால்வரில் ஒருவர்கூட அங்கே நட்சத்திரமாகவில்லை. விற்ற நேரம் சரி, வாங்கிய பொருள் சரியில்லை.

பத்திரன விடயத்தில் நடந்தது

கண்டியில் பிறந்த பத்திரன 2022இல் மாற்று வீரராகச் சென்னைக்கு வந்தவர். 2023இல் 12 ஆட்டங்களில் 19 விக்கட்டுகள், சென்னைக்குக் கிண்ணம். 2024இல் 6 ஆட்டங்களில் 13 விக்கட்டுகள்; பிறகு காயத்தால் நாடு திரும்பினார். 2025இல் 12 ஆட்டங்களில் 13 விக்கட்டுகள்தான், ஓவருக்குப் பத்து ஓட்டங்களுக்கும் மேல் கொடுத்தார். சென்னை முதன்முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது.

ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காற்றுக் காலத்தில்தான் நல்ல விலை. சென்னை பத்திரனவை விட்டது அவருடைய காற்றுக் காலத்தில் அல்ல. வயது 22, வேகம் இன்னும் உண்டு, விலை மட்டும் இறங்கியிருந்தது. அதே நாட்களில் 36 வயது ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனைப் பெற்ற அணி, பத்திரனவுக்குப் பதிலாக எவரையும் பெறவில்லை. மிஞ்சியது 13 கோடி. ஏலத்தில் இந்திய அணிக்கு ஆடாத இரண்டு இளைஞர்களுக்குத் தலா 14.20 கோடியைச் சென்னை கொடுத்தது.

கொல்கத்தா 64.30 கோடியோடு ஏலத்துக்கு வந்தது. ஆகவே 18 கோடி என்பது பத்திரனவின் உண்மைப் பெறுமதியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். அப்படி இருந்தாலும், அவரை விரும்பும் அணி ஒன்று இருந்தது. முதல் இரண்டு கேள்விகளுக்குச் சென்னையிடம் ஓரளவு பதில் உண்டு. மூன்றாவது கேள்வியில் அது தோற்றது என்பதே என் கணிப்பு.

கணக்கில் வராதவை

எங்கள் வாசகர்களுக்கு இன்னொரு காரணமும் நினைவிருக்கும். 2013 மார்ச்சில், இறுதிப் போரின் படுகொலைகளுக்கு நீதி கேட்டுத் தமிழ்நாட்டு மாணவர்கள் வீதிக்கு வந்திருந்தனர். முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். இலங்கை வீரர்கள் எவரும் சென்னையில் ஆடமாட்டார்கள் என ஐபிஎல் நிர்வாகம் அறிவித்தது. சென்னை அணியிலிருந்த நுவன் குலசேகரவுக்கும் அகில தனஞ்சயவுக்கும் சொந்த மைதானமே இல்லாமல் போனது. பெங்களூர் அணியிலிருந்த முரளிதரனையும், தமிழர் என்பதற்காக, அந்தத் தடை விட்டுவைக்கவில்லை. 2022இல் மஹீஷ் தீக்ஷனவைச் சென்னை வாங்கியபோதும் அணியைப் புறக்கணிக்கச் சொல்லும் குரல்கள் எழுந்தன. ஆகவே இலங்கைப் பந்துவீச்சாளர் ஒருவரின் பெறுமதியைக் கணக்கிடும்போது, ஊரின் அரசியலையும் அணிகள் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஐபிஎல் கைமாற்றத்தில் நான் மதிக்கும் விதி ஒன்று உண்டு. வீரர் சம்மதிக்காமல் அவரை இன்னோர் அணிக்கு மாற்ற முடியாது. மலையகத்தில் இருந்துகொண்டு இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 150,000 பேரின் கதி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என விடப்பட்டது. அந்த மக்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை.

பெறுமதி இறங்குமுன், இடத்துக்கு ஆள் இருக்கும்போது, பதிலுக்கு ஏதாவது பெற்றுக்கொண்டு, அவரிடம் கேட்டுவிட்டு: ஒரு நட்சத்திரத்தைக் கைமாற்ற வேண்டிய முறை இதுதான். முதல் மூன்றும் அணியின் லாபத்துக்கு. கடைசியானது, கைமாறுபவர் மனிதர் என்பதற்காக.