முகத்தில் இருந்த பதிவேடு

பாட்னாவுக்கு மாற்றலாகி வந்து மூன்று வருடமாகிறது. எங்கள் கிளையில் பென்ஷன்காரர்கள் அதிகம். அவர்களின் தாள்களில் ‘அடையாளக் குறிகள்’ என்று ஒரு கட்டம் உண்டு. நம்மூரில் வேலை பார்த்தபோது அதில் அதிகம் பார்த்தது மச்சம். இங்கே வயதானவர்கள் பலருக்கு எழுதியிருப்பது ‘முகத்தில் அம்மைத் தழும்பு’.

ஐம்பது வருடம் ஆகியும் அந்தக் குழிகள் ஏன் தூர்ந்துபோகவில்லை? பி.காம். படித்தவனுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று கேட்காதீர்கள். தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

தோலுக்குள் கொலாஜன் என்ற புரத நார்கள் கூடை முடைந்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ஆழமாகக் காயம் பட்டால் உடம்புக்கு அவசரம், கிருமி நுழைவதற்குள் அடைத்தாக வேண்டும். அதனால் நார்களை ஒரே திசையில் அடுக்கி ஒட்டுப் போட்டுவிடுகிறது. ரோமக்கால், வியர்வைச் சுரப்பி, எண்ணெய்ச் சுரப்பி எதுவும் அங்கே திரும்ப வருவதில்லை. நிறம் தரும் செல்களும் முன்போல அமைவதில்லை. தழும்பு வழவழவென்று வேறு நிறத்தில் தெரிவது இதனால்தான். பலமும் பழைய தோலில் சுமார் 80 சதவீதம்தான்.

பெரியம்மை எண்ணெய்ச் சுரப்பிகளை அழித்துவிடும். அவை பெரிதாக இருப்பது முகத்தில். அழிந்த இடத்தில் உருவாகும் நார்த்திசு சுருங்கும்போது மேல்தோல் உள்ளே இழுபட்டுக் குழி விழுகிறது. சின்னம்மை அவ்வளவு ஆழம் போவதில்லை. (இங்கே பெரியம்மை ‘படீ மாதா’, சின்னம்மை ‘சோட்டி மாதா’. நம் சொற்களை அப்படியே இந்தியில் போட்ட மாதிரி இல்லை?)

1974 ஜனவரி முதல் மே வரை மட்டும் இந்தியாவில் 15,000 பேருக்கு மேல் பெரியம்மையில் இறந்தார்கள். பீகார், ஒரிசா, மேற்கு வங்காளத்தில்தான் மிக அதிகம். அதே மே மாதம்தான் ரயில்வே வேலைநிறுத்தமும் பொக்ரான் அணுகுண்டுச் சோதனையும். அந்த வருடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவை இரண்டையும் சொல்கிறார்கள். அம்மையைச் சொல்லி நான் கேட்டது இந்தக் கிளைக்கு வந்த பிறகுதான்.

சுகாதார ஊழியர்கள் அம்மை கண்ட குழந்தையின் படம் போட்ட அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டுப் போனார்கள். நோயாளி கிடைத்ததும் சுற்றியிருந்த எல்லோருக்கும் தடுப்பூசி. தகவல் சொன்னால் பரிசு, கடைசியில் அது ஆயிரம் ரூபாய் வரை போனது. 1975 மே மாதம் கதிஹார் மாவட்டத்தில் ஒருவருக்கு வந்ததோடு உள்நாட்டில் பரவிய பெரியம்மை முடிந்தது. அதே மாதம் 24ஆம் தேதி அஸ்ஸாம் கரீம்கஞ்சில் வங்கதேசத்திலிருந்து வந்த ஒருவர், அவ்வளவுதான்.

ஆனால் ஒழிந்துவிட்டது என்று எப்படி நிரூபிப்பது? காகிதத்தில் பூஜ்ஜியம் போடுவது சுலபம், ஆடிட் பார்த்தவர்களுக்குத் தெரியும். பல நாடுகளில் இதற்குக் குழந்தைகளின் முகங்களைப் பார்த்தார்கள். பெரியம்மைக் குழி மறையாது. ஆகவே கடைசி நோயாளிக்குப் பிறகு பிறந்த குழந்தைகளில் யார் முகத்திலாவது அது இருந்தால் பதிவேடு பொய். ஒன்றிரண்டு குழி மட்டும் என்றால் சின்னம்மையாகவும் இருக்கலாம், விசாரிக்க வேண்டும்.

1977 ஏப்ரலில் சர்வதேசக் குழு இந்தியாவுக்குச் சான்றளித்தது. உலகம் முழுமைக்குமான அறிவிப்பு 1980இல் வந்தது.