கரி வண்டியும் மின் வண்டியும்

கோட்டயம்–குமுளி மலைச்சாலையில், பெரியாற்றங்கரைத் தேயிலைத் தோட்டங்களின் நடுவே அமைந்தது வண்டிப்பெரியார். நம்மவர் பலர் அங்கே தலைமுறைகளாக வாழ்கின்றனர். வேலைக்குச் செல்லும் வண்டியின் பெட்ரோல் செலவு ஊதியத்தை அரிக்கும் கவலை அங்கும் உண்டு. நாம் வாழும் நகரங்களிலும் உண்டு.

இக்கவலை புதிதன்று. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகவே, அங்கிருந்து வந்த பெட்ரோல் நின்றது. அப்போது தென்னாட்டுப் பேருந்துகளில் கரியடுப்புகள் பொருத்தப்பட்டன. குறைந்த காற்றில் கனன்ற மரக்கரியின் வாயு இயந்திரத்தை ஓட்டியது. அதன் ஆற்றல் குறைவாகையால், ஏற்றங்களில் பயணிகள் இறங்கித் தள்ளியதும் உண்டு. போருக்குப்பின் பெட்ரோல் தாராளமானதும் கரியடுப்பு மறைந்தது. அது புகட்டிய பாடத்தையும் நாம் மறந்தோம்.

தொலைநாட்டு எண்ணெயையே நம்பியிராமல் அண்மையிலுள்ள ஆற்றலை நாடுதலே அப்பாடம். வண்டிப்பெரியாரைக் கடக்கும் ஆறு இடுக்கி நீர்த்தேக்கத்தை அடைகிறது. 1976 முதல் அந்நீர் மின்சாரம் தருகிறது. மின்வண்டியோ, ஏற்றத்தில் செலவிட்டதில் ஒரு பகுதியை இறக்கத்தில் மின்கலத்திற்கே மீட்டளிக்கிறது. மலைநாட்டிற்கு இது பெரிதும் ஏற்றதன்றோ? எனினும் மின்கார் வாங்குதல் தோட்டத் தொழிலாளிக்கு எளிதன்று. ஆகவே, பலரும் கூடிச் செல்லும் பேருந்துகளே அங்கு முதலில் மின்வண்டிகளாதல் வேண்டும்.