துண்டும் பங்கும்

"மெஷின் பழுதானா கொழும்பிலிருந்து சாமான் வரும். நெல் அவிக்கிறவன் போனா எங்கிருந்து வரும், சொல்லுங்க பாப்பம்?" என்றார் கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணிப் பக்கத்து நெல் ஆலை முதலாளி ஒருவர். அவர் சொன்னதில் மிகையில்லை. ஊறிய நெல்லுக்கு ஆவி ஏறும்போது உமி மெல்ல வாய் பிளக்கும். அந்தப் பதத்தில் நிறுத்த வேண்டும். பிறகு களத்தில் பரப்பிக் காலால் கிளறி, நடுநடுவே ஒரு மணியைக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்க்க வேண்டும். கூடக் காய்ந்தால் தீட்டும்போது குருணையாக உடையும். குறையக் காய்ந்தால் மூட்டைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அந்த ஆலையில் ஈரம் அளக்கும் கருவி, ஐம்பதைக் கடந்த ஒருவரின் பல்தான்.

அவரை எப்படிப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். முதலாளி இழுப்பறையிலிருந்து நீளக் கொப்பி ஒன்றை எடுத்து விரித்தார். நோன்புப் பெருநாளுக்கு வாங்கியது, மனைவியின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கியது, மகளின் வீட்டுக்குக் கூரை போட வாங்கியது. கிழக்கில் மகளைக் கட்டிக் கொடுக்கிறவன் வீட்டையும் கட்டிக் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்துத் தகப்பன்மாரின் ஆயுளில் பாதியை அந்த வீடே தின்றுவிடுகிறது. கொப்பியை மூடிக்கொண்டே சொன்னார்: "இது தீருமட்டும் ஆள் எங்கயும் போகாது."

அங்கிருந்து கடற்கரைப் பக்கம் போனால் கணக்கு வேறு. பைபர் படகு மணலில் ஏறியதும் மீன் விலைபோகும். மண்ணெண்ணெய், ஐஸ், சாப்பாடு என்று செலவைக் கழித்த பிறகு படகுக்கும் இயந்திரத்துக்கும் வலைக்கும் உரிய பங்கை முதலாளி எடுப்பார். மற்றது கடலுக்குப் போனவர்களுக்கு. பங்கின் அளவு கரைக்குக் கரை, ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் மீன் என்ன விலைக்குப் போனது என்பது அங்கு நிற்கிற எல்லார் காதிலும் விழும். நெல் ஆலையில் ஒரு மூட்டை அரிசி என்ன விலைக்குப் போகிறது என்பது அவிக்கிறவருக்குத் தெரியாது. யாரும் அவருக்குச் சொன்னதுமில்லை.

கொப்பி வழி இந்த நாட்டுக்குப் புதிதல்ல. மலையகத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கங்காணி ஆட்களைக் கூட்டி வரும்போதே வழிச்செலவு முற்பணம் அவர்கள் தலையில் கடனாக ஏறிவிடும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இன்ன தொகை கடன், அதைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. ஆளை அசையவிடாமல் வைத்திருக்கச் செய்த ஏற்பாடு. நடந்தது நேர்மாறு. ஆள் தட்டுப்பாடு வந்தபோது அடுத்த தோட்டத்துக்காரர் துண்டுப் பணத்தைக் கட்டி ஆட்களைக் கூட்டம் கூட்டமாக இழுத்தார். கங்காணிகளும் பெரிய துண்டு எங்கே கிடைக்குமென்று பார்த்து நகர்ந்தார்கள். தொகை ஏறிக்கொண்டே போனது. ஏறியதெல்லாம் தொழிலாளியின் பெயரில். 1921ஆம் ஆண்டுச் சட்டம் அந்த முறையை ஒழித்தது.

ஆலை முதலாளியின் கொப்பியும் ஒரு துண்டுதான், சீட்டாகக் கிழிக்கப்படாத துண்டு. இந்த ஆளை எவ்வளவு கொடுத்தால் தூக்கலாம் என்று போட்டிக்காரனுக்குச் சொல்லும் விலை அதில் எழுதியிருக்கிறது. கடனைக் கட்டிவிட்டு ஆளைக் கூட்டிப் போனான் என்ற முறைப்பாட்டை எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். முறைப்பாடு சொல்கிறவரும் முன்பு வேறொருவரிடமிருந்து அப்படித்தான் கூட்டி வந்திருப்பார்.

கடல் கடந்தால் இதே சரக்கு கபாலா என்ற பெயரில் இருந்தது. முதலாளி சம்மதிக்காமல் வேலை மாற முடியாமல் இருந்தது. கட்டார் 2020இல் அந்தச் சம்மதம் தேவையில்லை என்று சட்டம் செய்தது; சவூதி 2021 மார்ச்சில் கொஞ்சம் தளர்த்தியது. வளைகுடாவில் ஆறு வருடம் வாகனம் ஓட்டிவிட்டு வந்த என் மச்சான் ஒருவரிடம், அங்கே எப்படி என்று கேட்டேன். "ஓடித் திரிஞ்சன்தான். ஒரு நாளும் அவன்ட வண்டிக்கு எண்ணெய் இருக்கா என்டு தொறந்து பாத்ததில்ல" என்றார். இங்கே தன் பழைய முச்சக்கர வண்டியைக் காலையில் இரண்டு முறை துடைக்கிற மனிதர் அவர்.

பங்கு வழிக்கும் பெரிய சத்தியமெல்லாம் இல்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயானது. செலவு முதலில் கழிகிற கணக்கு என்பதால் முதல் அடி பங்கில் விழுந்தது. விடிய விடியக் கடலில் கிடந்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. அந்த ஒரே வருடத்தில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை தேடி இலங்கையை விட்டுப் போனார்கள். கிண்ணியாவிலிருந்து போனவர்களும் அதில் சேர்த்தி. மாரியில் வாடைக்காற்று எழுந்து படகுகள் கரையில் கிடக்கும்போது ஆட்கள் சாப்பிட வேண்டும், அப்போது படகு முதலாளியும் கொப்பி திறக்கிறார். ஆக, இரண்டு இடத்திலும் கடன் இருக்கிறது. ஒன்றில் அது கயிறு, மற்றதில் கஞ்சி என்று எனக்குப் படுகிறது. நான் அறிந்த ஒரு படகில், எண்ணெய் ஏறிய மாதங்களில் முதலாளி இயந்திரப் பங்கை எடுக்கவில்லை. அந்தப் படகின் மூன்று பேரும் இன்றும் அதில்தான் போகிறார்கள்.

ஆளைப் பிடித்து வைக்கும் இதே கணக்கை அமெரிக்காவில் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டும் போட்டார். 1913இல் அவருடைய தொழிற்சாலையில் ஏறத்தாழ 14,000 இடங்களை நிரப்பி வைக்க 52,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரி 5ஆம் திகதி நாட்கூலியை 5 டொலராக்கப் போவதாக அறிவித்தார். அதில் பாதிக்கு மேல் கூலி அல்ல, இலாபப் பங்கு என்பது பலருக்குத் தெரியாது. 1913இல் நூற்றுக்கு 370ஆக இருந்த விலகுவோர் வீதம் 1914இல் 54ஆக இறங்கியது. ஆனால் பங்கு வாங்குகிறவன் குடிக்கிறானா, வீட்டை ஒழுங்காக வைத்திருக்கிறானா என்று பார்க்கக் கம்பெனி ஆள் அனுப்பியது. எங்கள் முதலாளிமாருக்கு அந்தச் செலவு இல்லை. மஃரிபுக்குப் பிறகு கடைத்தெருவில் ஒரு தேநீர் குடித்தால் போதும்.

சட்டம் காட்டும் வழியும் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னொரு 3 வீதம். ஐந்து வருடம் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை, ஆனால் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில்தான். இந்த ஆலையில் பதினொரு பேர். பணிக்கொடையிலிருந்து தப்பலாம், ஒரே ஆள் இருந்தாலும் கட்ட வேண்டிய சேமலாப நிதியிலிருந்து தப்ப முடியாது. "அதெல்லாம் கம்பெனிகளுக்கு" என்று முதலாளி கையை உதறினார். மாதாமாதம் கட்டியிருந்தால் கொப்பியின் பக்கங்கள் இத்தனை நிறைந்திருக்காது என்று சொல்ல நினைத்து, தேநீர் வந்துவிட்டதால் விட்டுவிட்டேன்.

வெளியே வரும்போது களத்தில் அவிக்கிறவர் நின்றார். பெரிய கடனாமே காக்கா, அதனால்தான் இருக்கிறீர்களா என்று கேட்டேன். சிரித்தார்.

"அத மருமகன் கட்டாரிலிருந்து அனுப்பி எப்பவோ கட்டியிருக்கலாம் தம்பி. பக்கத்து மில்லிலயும் கூப்பிட்டவங்க. அங்க போய்ப் பாத்தன், ஆவிய நிப்பாட்டச் சொன்னா மனேஜரக் கேக்கணும் என்டாங்க."

குனிந்து ஒரு மணியை எடுத்துக் கடித்து உமியைத் துப்பினார். "இன்னும் காயல்ல" என்றார், யாரிடமென்றில்லாமல். அதற்குள் வாசலுக்கு வந்திருந்த முதலாளி, லொறிக்காரனைக் கையமர்த்திவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார்.